சுங்கை சிப்புட் பக்கத்துக் குதிரைப் பண்ணை: அன்று ஒரு ஸ்டார் போட்டவன் இன்று எழுதுவது

மூன்று மாதத்துக்கு முன்னால் இந்தப் பண்ணைக்கு ஒரே ஒரு ஸ்டார் போட்டு, "முன்பணம் வாங்கிக்கொண்டு குதிரையில் ஏற்றாமல் திருப்பி அனுப்பும் இடம்" என்று எழுதியவன் நான்தான். எழுதியதில் பொய் இல்லை, ஏற்றாமல்தான் அனுப்பினார்கள். ஆனால் அதற்கு அப்புறம் நான்கு முறை போய் வந்துவிட்டேன், அதனால் இப்போது நான்கு ஸ்டார். பெயரை இங்கே எழுதவில்லை. கூட்டம் சேர்ந்தால் குதிரைக்கு ஆகாது, எழுத வேண்டாம் என்று பண்ணைக்காரரே கேட்டுக்கொண்டார். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு எதைச் சொல்கிறேன் என்று தெரியும்.

டவுனிலிருந்து லிந்தாங் சாலையில் போய், செம்பனைக்குள் திரும்பும் செம்மண் பாதையில் ஒரு இரண்டு கிலோமீட்டர். மழை பெய்திருந்தாலும் மைவி கார் போகும், அடியில் கல் தட்டுகிற சத்தத்தைப் பொறுத்துக்கொண்டால் சரி. போர்டு கிடையாது, வேலிக் கம்பியில் ஒரு பழைய லாடம் தொங்கும், அதுதான் அடையாளம். பால்மரம் நின்ற காலத்தில் அந்த இடத்தில் தோட்டத்துத் தொழிலாளர் வீட்டு வரிசையான லயம் இருந்ததாம், இப்போது அதே இடத்தில் குதிரை லாயம். லயத்துக்கும் லாயத்துக்கும் ஒரு கால்தான் வித்தியாசம் என்று என் மகள் காரில் வரும்போது கண்டுபிடித்துச் சொன்னாள், தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கிறாள். அன்றைக்குச் சிரித்தோம். அந்தக் காலைப் பற்றித்தான் இவ்வளவு நீளமாக எழுதப் போகிறேன் என்று அப்போது தெரியாது.

நான் டவுனில் மோட்டார் பட்டறை வைத்திருக்கிறேன். குதிரைக்கும் எனக்கும் இருந்த ஒரே சம்பந்தம் அப்பா. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி ஈப்போ குதிரைத் திடலுக்குப் போவார், திரும்பும்போது ஒன்று கையில் கோழிக்கறி இருக்கும், இல்லாவிட்டால் திங்கள் வரைக்கும் யாரிடமும் பேச மாட்டார். கோழிக்கறி வந்த வாரங்கள் குறைவு. அம்மா உயிரோடு இருந்தவரை வீட்டில் குதிரை என்ற பேச்சையே எடுக்க முடியாது. அப்படிப்பட்ட குடும்பத்தில் பிறந்த பிள்ளை, பதினோராவது பிறந்தநாளுக்கு கேக் வேண்டாம், குதிரையில் ஏற வேண்டும் என்று நின்றால் என்ன செய்வது. வாட்சப்பில் கேட்டேன். பெரியவர்களுக்கு அரை மணி நேரம் 90 வெள்ளி, பிள்ளைகளுக்கு 70. எனக்கும், மகளுக்கும், தங்கச்சி மகனுக்கும் சேர்த்து 230 வெள்ளி, முன்கூட்டியே கட்ட வேண்டும் என்றார்கள். கட்டினேன்.

போன உடனே முதல் சண்டை பலூனுக்கு. பிறந்தநாள் என்று மனைவி நான்கு பலூன் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். கேட் பக்கத்திலேயே ஒரு வயதானவர் கையைக் காட்டி நிறுத்தி, "அதைக் கார்லேயே வச்சிட்டு வாங்கம்மா" என்றார். பிள்ளையின் முகம் சுருங்கிப்போனது. கொடி, குடை, பலூன் எதுவும் உள்ளே வரக் கூடாதாம். பெரிய சட்டம் பேசுகிறார்களே என்று முணுமுணுத்துக்கொண்டே வைத்துவிட்டு வந்தோம். வீட்டுக்கு வந்து படித்தபோதுதான் அரால்டோ என்ற குதிரையின் கதை கிடைத்தது. 2014 மெல்பர்ன் கோப்பையில் ஏழாவதாக ஓடி முடித்துவிட்டுத் திரும்பி வருகிறது, பந்தயமே முடிந்துவிட்டது, கூட்டத்தில் ஒருவர் ஆட்டிய சின்னக் கொடியைப் பார்த்து மிரண்டு வேலியை உதைத்து, கால் எலும்பு முறிந்து, கருணைக்கொலை செய்ய வேண்டியதாகிவிட்டது. அதே பந்தயத்தில் ஓடிய அட்மைர் ரக்தி என்ற இன்னொரு குதிரையும் ஓடி முடித்த சற்று நேரத்தில் இதயம் நின்று லாயத்திலேயே விழுந்து செத்தது. பலூன் விஷயத்தில் பெரியவரிடம் நான் கொஞ்சம் மரியாதையாகப் பேசியிருக்கலாம்.

அந்தப் பெரியவர்தான் அங்கே சைஸ், அதாவது குதிரைக்காரர். முப்பது வருஷத்துக்கு மேல் பந்தயக் குதிரைகளைப் பார்த்துக்கொண்டவர், கிளப்புக்கு கிளப் மாறியவர். மகள் ஏற வேண்டிய குதிரையைக் கொண்டு வந்து நிறுத்தினார், பழுப்பு நிறம், நெற்றியில் சுண்டு விரல் அளவு வெள்ளை. சேணம் போடுவதற்கு முன்னால் குனிந்து முன்னங்காலை முழங்காலிலிருந்து கீழே தடவினார். அடுத்த காலையும் தடவினார். மறுபடி முதல் கால். நிமிர்ந்து பண்ணைக்காரரைப் பார்த்துத் தலையை ஆட்டினார், அவ்வளவுதான். பண்ணைக்காரர் சீனர், எங்களைவிட நன்றாகத் தமிழ் பேசுவார், "இன்னைக்கு இது வேலை செய்யாது, கால் சூடு" என்றார். வேறு குதிரை? இரண்டு இருந்தது, ஒன்று ஏற்கனவே இரண்டு ரவுண்டு போய் வந்துவிட்டது, மூன்றாவது போகாது. இன்னொன்று பிள்ளைகளுக்கு ஏற்றதில்லை. நானும் மருமகனும் வேண்டுமானால் ஏறலாம், பிறந்தநாள்காரி வேடிக்கை பார்க்கலாம் என்ற நிலை. குதிரை நொண்டவில்லை, நன்றாகத்தான் நின்றது, புல்லைத் தின்றது, எங்கள் கண்ணுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. பணமாவது கொடுங்கள் என்றால் பணமாகத் தர மாட்டோம், இன்னொரு நாள் வாங்க என்றார்கள். குதிரை குப்புறத் தள்ளியதும் போதாமல் குழியும் பறித்த கதை என்றாள் மனைவி. மகள் அழுதது கமுந்திங் வரைக்கும் கேட்டிருக்கும். அன்று ராத்திரிதான் அந்த ஒரு ஸ்டார்.

பத்து நாள் கழித்து அதே பெரியவர் ஒரு பழைய ஹோண்டா இஎக்ஸ் 5 மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு என் பட்டறை வாசலில் நிற்கிறார். அவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார், நான் தெரியாத மாதிரி இருந்தேன். செயின் சத்தம் என்று சொல்லி விட்டுப் போனார். கழற்றி மண்ணைத் துடைத்தால் பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் வெல்டிங் ஓரத்தில் ஒரு மயிரிழைத் துரு. பட்டறைக்காரனுக்குத் தெரியும், அது துரு இல்லை, விரிசல், அதற்குள் தண்ணீர் போய்த் துரு வெளியே வந்திருக்கிறது. சாயந்திரம் அவர் வந்தபோது, "ஐயா, இதை இன்னைக்கு ஓட்டிக்கிட்டுப் போக முடியாது, வச்சிட்டுப் போங்க" என்றேன். ஓடுதே என்றார். ஓடும், ஆனா ஒரு பள்ளத்துல விட்டீங்கன்னா ரெண்டாப் போயிடும் என்றேன். என்னையே பார்த்துக்கொண்டு நின்றவர் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். "நானும் அன்னைக்கு அதத்தான தம்பி சொன்னேன். நீங்க கோவிச்சுக்கிட்டுப் போய்ட்டீங்க."

சரி, மறு வாரமே போனோம்.

இந்த முறை அவர் மகளின் கையைப் பிடித்து அதே குதிரையின் காலில் வைத்தார். உள்ளங்கை வேண்டாம், புறங்கையை வை, சூடு அதில்தான் நன்றாகத் தெரியும் என்றார். குதிரைக்கு முழங்காலுக்குக் கீழே சதையே கிடையாது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும், தோல், எலும்பு, பின்பக்கம் விரல் தடிமனில் நரம்பு, அவ்வளவுதான். அவர் நரம்பு என்று சொல்வது தசைநாணை. இடது காலில் அந்த நரம்பு நேராக இறங்குகிறது, வலது காலில் நடுவில் வாழைப்பழத்தைத் தோலுக்கு அடியில் ஒட்டி வைத்த மாதிரி வளைந்து புடைத்திருக்கிறது. பந்தயத்தில் ஓடியபோது அறுந்த இடம். முழுதாக அறுபடவில்லை, உள்ளே இழை இழையாக. ஆறுவதற்கு ஒரு வருஷம் பிடிக்கும், ஆறினாலும் பழைய இழை வராது, தழும்புதான் வரும், தழும்புக்கு இழுவை கிடையாது. அப்புறம் கணுக்காலுக்குப் பின்னால் இரண்டு விரலை அழுத்தி வைக்கச் சொன்னார். "துடிக்குதா?" "இல்ல தாத்தா." "இல்லன்னா நல்லது. அன்னைக்கு உனக்கே டொக் டொக்னு கேட்டிருக்கும்." மகள் பத்து நிமிஷம் அந்தக் காலை விடவில்லை. ஏறவே வேண்டாம், இது போதும் என்கிற மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

அந்தக் குதிரையின் தோளில் சூடு போட்ட எண்கள் இருக்கின்றன, மேலே ஒன்று, கோடு, கீழே ஒன்று. ஆஸ்திரேலியாவில் பிறந்த குதிரை, கீழே இருப்பது பிறந்த ஆண்டின் கடைசி இலக்கம், மேலே இருப்பது அந்த வருஷம் அந்தப் பண்ணையில் எத்தனையாவது குட்டி என்பது. வண்டிக்குச் சேசிஸ் நம்பர் மாதிரிதான். இங்கே ஓடுகிற பந்தயக் குதிரைகள் பெரும்பாலும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் வருகிறவை. இது சிங்கப்பூர் கிராஞ்சித் திடலில் ஓடியதாம். சிங்கப்பூர் டர்ஃப் கிளப் 2024 அக்டோபர் 5 அன்று கடைசிப் பந்தயத்தை நடத்திவிட்டுக் கடையைச் சாத்தியது, நிலம் வீடு கட்ட வேண்டுமென்று அரசாங்கம் எடுத்துக்கொண்டது. பினாங்குக் கிளப், 1864-இல் தொடங்கியது, அதுவும் 2025-இல் பந்தயத்தை நிறுத்திவிட்டது. திடல் மூடுவதைப் பற்றி எல்லாரும் பேசினார்கள், குதிரை எங்கே போகும் என்று கேட்டவர்கள் குறைவு. சில இங்கே வந்து நிற்கின்றன.

பெரியவர் சொன்னதைக் கேட்டுவிட்டு வந்து ராத்திரி ராத்திரியாகப் படித்தேன், பட்டறைக்காரன் புத்தி, எது ஏன் உடைகிறது என்று தெரியாமல் தூக்கம் வராது. பந்தயக் குதிரை கிட்டத்தட்ட 500 கிலோ. முழு வேகத்தில், மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் ஓடும்போது, ஒரு கட்டத்தில் ஒரே ஒரு முன்னங்கால்தான் தரையில் இருக்கிறது, அந்தக் காலில் இறங்குவது உடம்பு எடையின் இரண்டரை மடங்கு. என் மைவியைத் தூக்கி அந்த ஒரு கணுக்காலில் வைத்து மேலே நாலு பேரை ஏற்றின கணக்கு. கணுக்கால் தரையைத் தொடும் அளவுக்கு மடங்கும், பின்னால் உள்ள இரண்டு சின்ன எலும்புகளும் அந்த நரம்பும்தான் தாங்கிப் பிடிக்கின்றன. நரம்பு நீண்டு சுருங்கி நீண்டு சுருங்கி உள்ளே 45 டிகிரி வரைக்கும் சூடேறுமாம்.

நான் நினைத்துக்கொண்டிருந்தது வேறு. குதிரை ஓடும்போது கால் தவறி வைத்தது, மடக்கென்று முறிந்தது, விபத்து, யார் என்ன செய்ய முடியும் என்று. கலிபோர்னியாவில் 1990 முதல் பந்தயத் திடலில் சாகும் குதிரைகளையெல்லாம் அறுத்துப் பார்க்கிறார்கள், டேவிஸ் பல்கலைக்கழகத்துக்காரர்கள் செய்கிறார்கள். அவர்கள் பார்த்தது என்னவென்றால், உயிரை வாங்கிய முறிவுகளில் பெரும்பாலானவற்றில் அதே இடத்தில் ஏற்கனவே பழைய சேதம் இருந்திருக்கிறது. முறிந்தது அன்றைக்கு, விரிசல் விழுந்தது வாரக் கணக்கில், மாதக் கணக்கில் முன்னால். என் ஸ்விங் ஆர்ம் கதைதான். இதைப் படித்த அன்றைக்கு எழுந்து போய் அந்த ஒரு ஸ்டாரை அழித்தேன்.

ஆனால் இரும்புக்கும் எலும்புக்கும் ஒரு வித்தியாசம், எலும்பு தன்னைத் தானே வெல்டிங் செய்துகொள்ளும். அதிலும் ஒரு சிக்கல். உடம்பு முதலில் சேதமான எலும்பைத் தோண்டி எடுக்கிறது, அப்புறம்தான் புதிதாக நிரப்புகிறது. தோண்டுகிற வேலை வாரக் கணக்கில் முடிந்துவிடும், நிரப்புகிற வேலை மாதக் கணக்கு. நம் ஊரில் ரோட்டைத் தோண்டிப் போட்டுவிட்டுத் தார் ஊற்ற ஆள் வராமல் இருக்குமே, அந்த நடுக் காலத்தில்தான் எலும்பு ரொம்பப் பலவீனமாக இருக்கும். ஓய்வு கொடுத்த குதிரை பார்க்கப் பளபளவென்று துள்ளும், முதலாளிக்கு ஆசை வரும், அவசரப்பட்டு ஓடவிட்டால் தோளுக்குக் கீழே மேல்கை எலும்பே உடையும். ஓய்வு கொடுத்தோமே என்பார்கள்.

இன்னொன்று என்னை ஆச்சரியப்படுத்தியது. இரண்டு வயதுக் குதிரையை ஓடவிடுவது பாவம் என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள், நானும் சொல்லியிருப்பேன். ஆனால் இரண்டு வயதில் அளவாகப் பயிற்சி தொடங்கிய குதிரைகள் தாமதமாகத் தொடங்கியவற்றைவிட அதிக காலம் ஓடுகின்றன என்று ஆய்வுகள் காட்டுகின்றன, வளரும் எலும்பு கொடுக்கும் சுமைக்கு ஏற்பத் தடிக்கிறது. அளவாக என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. பெரியவரிடம் கேட்டேன். "குட்டிய நடக்கவும் விடணும், ஓடவும் விடணும், கொஞ்சங் கொஞ்சமா. பரிசுப் பணம் பெருசா இருந்தா கொஞ்சங் கொஞ்சம் எங்க இருக்கு" என்றார்.

ஊசி விஷயத்துக்கு வந்தால் அவர் குரலைத் தாழ்த்திக்கொள்வார். எந்தக் கிளப், எந்த ட்ரெய்னர் என்று கேட்காதே, எல்லாம் பழைய காலம் என்பார். கால் சூடாக இருக்கிறது என்று விடிகாலை போய்ச் சொன்னால், பார்த்துக்கொள்கிறேன் என்பார்களாம், மதியம் பார்த்தால் சூடு போயிருக்கும், குதிரை ஜம்மென்று நடக்கும். "வலி ஒண்ணுதான் தம்பி அதுக்கு இருக்கிற வாய். அதையும் மூடிட்டா நம்ம கிட்ட அது எப்படிச் சொல்லும்." பியூட் என்று லாயத்தில் சொல்லும் வலி மருந்து, மூட்டுக்குள் போடும் ஸ்டிராய்டு ஊசி, இவை மருந்துதான், குணப்படுத்தவும் உதவும். ஆனால் எண்ணெய் விளக்கு எரிகிறது என்று பல்பைக் கழற்றிவிட்டு வண்டியை ஓட்டிக்கொண்டு வரும் வாடிக்கையாளர்கள் எனக்கும் இருக்கிறார்கள். எஞ்சின் ஜாம் ஆன பிறகு டோ லாரியில் வருவார்கள்.

தரையும் ஒரு காரணம். அமெரிக்காவில் சாண்டா அனிட்டா என்ற திடலில் 2018 டிசம்பர் 26 முதல் 2019 ஜூன் 23 வரை ஒரே சீசனில் 30 குதிரைகள் செத்தன. அந்த வருஷம் அங்கே வழக்கத்துக்கு மேல் மழை. மழைக்கு மண்ணை இறுக்குவது, வெயிலுக்குக் கிளறுவது என்று மாறி மாறிச் செய்ததில் தரை ஒரே மாதிரி இல்லை என்று ஒரு கட்சி, தரையை மட்டும் சொல்லித் தப்பிக்காதே, மருந்தைப் பார், பந்தயத்துக்குக் குதிரை போதவில்லை என்று வற்புறுத்தி இறக்கியதைப் பார் என்று இன்னொரு கட்சி. மார்ச்சில் திடலை மூடினார்கள், மண்ணைச் சோதித்தார்கள், திறந்தார்கள், மறுபடியும் செத்தன. மெழுகு கலந்த செயற்கைத் தரையில் சாவு குறைவு என்று அமெரிக்கக் கணக்குகளே காட்டுகின்றன, அதே திடல் 2007-இல் அதைப் போட்டுவிட்டு 2010-இல் எடுத்துவிட்டது என்பதுதான் வேடிக்கை, மழைத் தண்ணீர் வடியவில்லை என்பது ஒரு காரணம்.

காலுக்கு மாவுக்கட்டுப் போட்டுக் குணப்படுத்தக் கூடாதா என்று மகள் கேட்டாள். எல்லாப் பிள்ளைகளும் கேட்கும் கேள்வி. பார்பரோ என்ற குதிரை 2006-இல் கென்டக்கி டெர்பியை ஜெயித்தது, இரண்டு வாரம் கழித்து அடுத்த பந்தயத்தில் பின்னங்கால் இருபதுக்கு மேற்பட்ட துண்டுகளாக உடைந்தது. கொல்லவில்லை, ஆபரேஷன் செய்து தகடு வைத்து 27 ஸ்குரூ போட்டார்கள். எலும்பு கூடியது. ஆனால் குதிரையால் மாதக் கணக்கில் படுக்கவும் முடியாது, மூன்று காலில் நிற்கவும் முடியாது, நல்ல காலில் பாரம் ஏறி ஏறி அந்தக் குளம்புக்குள் இருக்கும் பிடிப்பு கழன்றுபோகும். பார்பரோவுக்கு அதுதான் ஆனது, 2007 ஜனவரியில் கருணைக்கொலை செய்துவிட்டார்கள். நான் ஸ்குரூ போட்ட கதை வரைக்கும்தான் மகளிடம் சொன்னேன், மீதியைப் பெரியவர் சொல்லிவிட்டார். பிள்ளைகளிடம் மறைப்பது அவருக்குப் பிடிக்காது.

இதெல்லாம் படித்தால் பந்தயத்தையே தடை செய் என்று தோன்றும், அப்படிச் சொல்கிறவர்கள் நிறைய. மறு பக்கம் எண்ணிக்கையைக் காட்டுகிறார்கள். அமெரிக்காவில் ஆயிரம் ஓட்டத்துக்கு 2009-இல் 2.00 குதிரை செத்தது, 2023-இல் 1.32. குறைந்திருக்கிறது, பொய்யில்லை. ஒரு நாளைக்குப் பத்துப் பந்தயம், பந்தயத்துக்குப் பத்துக் குதிரை என்று வைத்தால் பத்து நாளில் ஆயிரம் ஓட்டம். ஆக முப்பது பந்தய நாளுக்கு ஆறு குதிரை போய்க்கொண்டிருந்தது, 2023-இல் நான்கு. நான்கைப் பார்த்துச் சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்பது நீங்கள் வேலிக்கு எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 2020-இல் அங்கே நாடு முழுமைக்கும் ஒரே சட்டம் கொண்டுவந்தார்கள், 2022 ஜூலையிலிருந்து பாதுகாப்பு விதிகள் நடப்பில் இருக்கின்றன. மெல்பர்னில் 2020 கோப்பையில் ஆந்தனி வான் டைக் என்ற குதிரை செத்த பிறகு, வெளிநாட்டுக் குதிரைகளின் கால்களை ஸ்கேன் செய்யாமல் இறக்க முடியாது என்று ஆக்கிவிட்டார்கள். சாண்டா அனிட்டாவில் குதிரையை நிற்க வைத்தே கணுக்காலைப் பார்க்கும் பெட் ஸ்கேன் மெஷின் வாங்கிப் போட்டார்கள். கருவி வந்துவிட்டது.

எனக்கு உறுத்துவது வேறு இடத்தில். முதல் சூட்டைக் கையால் தொட்டுக் கண்டுபிடிப்பது சைஸ். அவன் சொல்லை மேலே யார் கேட்பார்கள்? வேண்டாம் என்று சொன்னால் ட்ரெய்னருக்கு நஷ்டம், முதலாளிக்கு நஷ்டம், ஜாக்கிக்கு அன்றைய கூலி போச்சு, குதிரை விழுந்தால் தானும் விழுவான் என்று தெரிந்தும் ஏறுகிறான், கிளப்புக்குப் பந்தயத்தில் ஒரு குதிரை குறைகிறது, என் அப்பா மாதிரி ஆட்கள் டிக்கெட் வாங்கிவிட்டு வேலியில் தொங்கிக்கொண்டு நிற்கிறார்கள். ஓடட்டும் என்று சொல்ல இத்தனை பேர், நிறுத்து என்று சொல்ல ஒரு கிழவனின் கை. இந்தப் பண்ணையில் அந்தக் கையை நம்பி 70 வெள்ளி பிசினஸை விட்டார்கள், ஒரு ஸ்டாரும் வாங்கிக்கொண்டார்கள். என் நான்கு ஸ்டாரில் மூன்று அதற்கு.

நான்காவது சவாரிக்கு. அரை மணி நேரம் என்றால் அரை மணி நேரம், சேணம் போடும் நேரத்தைக் கழிக்க மாட்டார்கள். முதல் பத்து நிமிஷம் கயிறு பிடித்து நடை, அப்புறம் மணல் வளையத்துக்குள் தனியாக. மகள் இப்போது கடிவாளத்தைத் தளர்த்திப் பிடிக்கிறாள், குதிகாலைக் கீழே இறக்குகிறாள், நான் இன்னும் மூட்டை மாதிரிதான் உட்கார்ந்திருக்கிறேன். எடை பார்ப்பார்கள், 85 கிலோவுக்கு மேல் ஏற்ற மாட்டார்கள், கெஞ்சிப் பயனில்லை, என் மச்சான் கெஞ்சிப் பார்த்துவிட்டான். ஓட்டம் கேட்காதீர்கள், அந்தக் குதிரைகள் ஓட வேண்டியதை ஓடி முடித்துவிட்டன. சவாரி முடிந்ததும் காலுக்கு இருபது நிமிஷம் குழாய்த் தண்ணீர் அடிப்பார்கள், பிள்ளைகளை அடிக்க விடுவார்கள், காசு கிடையாது. என்னைக் கேட்டால் சவாரியைவிட அதுதான் நல்லா இருக்கு.

ஐந்தாவது ஸ்டார் ஏன் போடவில்லை என்றால், கழிவறை. ஒன்றுதான், தாழ்ப்பாள் கிடையாது, வாளியைக் கதவுக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். தலைக்கவசம் ஊருக்கெல்லாம் பொது, உள்ளே வியர்வை நாற்றம், ஒரு துணி கொண்டு போய்க் கட்டிக்கொண்டு போடுங்கள். ரசீது கேட்டால்தான் தருவார்கள். மணல் பழைய ஈயலம்பத்திலிருந்து, அதாவது ஈயச் சுரங்கத்திலிருந்து, அள்ளி வந்தது, நல்ல மணல்தான், ஆனால் கேட் பக்கம் கரைந்து அடித்தரை தெரிகிறது, எதிர் மூலையில் கணுக்கால் புதைகிறது. காலைப் பற்றி இவ்வளவு பேசுகிற இடத்தில் இது சரியில்லை என்று பண்ணைக்காரரிடமே சொன்னேன். லாரி சொல்லியிருக்கிறேன் என்றார். அது ஒரு மாதத்துக்கு முன்னால். முன்பணத்தைத் திருப்பித் தராத பழக்கமும் மாறவில்லை, இன்னொரு நாள் வாங்க என்பதுதான் இன்றைக்கும் பதில். தூரத்திலிருந்து வருகிறவர்கள் காலையிலேயே வாட்சப்பில், குதிரைக்குக் கால் எப்படி என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள், நிஜமாகத்தான் சொல்கிறேன், அவர்கள் பார்த்துவிட்டுச் சொல்வார்கள்.

வெள்ளிக்கிழமை மூடல். காலை எட்டு மணிக்குப் போனால் வெயிலில்லை. கேரட் கொண்டு போகலாம், ஆனால் விரல் மாதிரி நீளவாக்கில் வெட்டிக் கொண்டு போங்கள், வட்டமாக வெட்டினால் தொண்டையில் அடைக்கும் என்று பெரியவர் வாங்கி வைத்துவிடுவார். இஎக்ஸ் 5-க்கு வேறு ஸ்விங் ஆர்ம் போட்டாயிற்று, பழையதைத் தூக்கிப் போடவில்லை, கேட்டு வாங்கிக்கொண்டு போய் லாயத்து வாசலில் ஆணியடித்து மாட்டி வைத்திருக்கிறார்.